கைராசிக்காரரின் நாற்பது நிமிடம்

நன்றி சொல்வதில் நான் படுகஞ்சம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் பச்சையாகவே சொல்வார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், கட்டைவிரல் மிச்சமிருக்கும் என்பார். அப்படிப்பட்ட நான் ஒரு மனிதரைப் பற்றி உட்கார்ந்து நாலு பேருக்குச் சொல்ல நினைக்கிறேன் என்றால் அவர் எனக்குச் செய்தது அப்படி. அவருக்குப் பெரிய பட்டமெல்லாம் கிடையாது. செய்தித்தாளில் படம் வந்ததும் இல்லை. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தவர். அங்கே சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரைக் கைராசிக்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் அண்ணே என்று கூப்பிடுகிறேன். முதலில் எப்படிக் கூப்பிட்டேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன், இப்போதே சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்.

நான் வேலை செய்வது காயத்துக்குக் கட்டும் துணி, பஞ்சு, ஒட்டுப்பட்டி எல்லாம் செய்கிற கம்பெனி. அதில் ஒரு பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர், என் கீழே பதினொரு பெண்கள். கட்டுத்துணியைச் சுருட்டி உறையில் போடுவதுதான் எங்கள் பழைய வேலை. பிறகு அதற்கு ஓர் இயந்திரம் வந்தது. நாங்கள் ஒரு வாரம் சுருட்டுவதை அது ஒரே நாளில் சுருட்டித் தள்ளியது, டீ கூடக் கேட்கவில்லை. இந்தப் பன்னிரண்டு பேரை என்ன செய்வது என்று மேலாளர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சி நிலையத்தோடு ஒப்பந்தம் வந்தது.

அங்கே ஒரு பேராசிரியர் தீக்காயத்துக்கு ஒரு படலம் கண்டுபிடித்திருந்தார். கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஒரு மாவைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, இளஞ்சூட்டு அலமாரியில் உலர்த்தி, மறுநாள் உரித்தெடுத்தால் மெல்லிசாக, மறுபக்கம் தெரிகிற ஒரு தாள் வரும். அதைப் புண்ணின் மேல் போட்டால் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது உப்புத் தண்ணீரில் நனைத்தால் போதும், தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும், புதுத்தோலைப் பிய்க்காது. என் தம்பி சின்ன வயசில் கொதிக்கிற தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டவன். கட்டு மாற்றுகிற நாளெல்லாம் அவன் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். அதனால் இந்தப் படலத்தைப் பற்றிச் சொன்ன அன்றே எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. எங்கள் பெண்கள் அதற்குக் கண்ணாடித்தோல் என்று பேர் வைத்தார்கள். பேராசிரியர் வைத்த பேர் ஒரு முழம் நீளம், யார் வாயிலும் நுழையவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்குள், எங்கள் இடத்தில், எங்கள் கையால், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு தட்டு என்று அடுத்தடுத்து மூன்று பேட்ச் நன்றாக வர வேண்டும். வந்தால் கம்பெனி அதைச் செய்து மருத்துவமனைகளுக்கு விற்கும். வராவிட்டால் உரிமம் ஆராய்ச்சி நிலையத்துக்கே திரும்பிப் போகும், எங்கள் பிரிவுக்குப் பூட்டு. மேலாளர் இதைச் சுற்றி வளைக்காமல் என் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் பதினொரு பேரிடமும் மறைக்காமல் சொன்னேன்.

ஆராய்ச்சி நிலையத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓர் அதிகாரி இருந்தார், தொழில் இணைப்பு அலுவலர் என்று பதவி. நல்ல பெண், சுறுசுறுப்பு. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் "நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாலம்" என்று ஆரம்பிப்பார். மூன்றாவது கூட்டத்தில் அவருக்குப் பாலம் மேடம் என்று பேர் விழுந்துவிட்டது. அவர்தான் கைராசிக்காரரிடம் உட்கார்ந்து செய்முறையை எல்லாம் எழுதி வாங்கி, பதினாலு பக்கக் குறிப்பாக எங்களுக்கு அனுப்பினார். எத்தனை கிராம், எத்தனை சூடு, எத்தனை சுற்று, எந்தத் துணியால் தட்டைத் துடைப்பது என்பது வரை அதில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில்கூட ஒரு புத்தகத்தை அப்படிப் படித்ததில்லை.

முதல் பேட்ச்சை உரித்த அன்று நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். மூலையைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு சாண் வந்தது. அப்புறம் பாலேடு மாதிரி கிழிந்து கையோடு வந்துவிட்டது. அடுத்த தட்டும் அப்படியே, அதற்கடுத்ததும். பன்னிரண்டு தட்டில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. சரி, முதல் தடவைதானே என்று தேற்றிக்கொண்டோம். ஆறாவது தடவைக்கு அந்தத் தேற்றல் செல்லவில்லை.

அப்புறம் என்ன, வழக்கமாக நடக்கிற கூத்துதான். ஆய்வகத்துக்காரர்கள், கம்பெனியில் சுத்தம் போதாது என்றார்கள். நாங்கள், தினமும் நாலு தாள் செய்கிறவர்களுக்குத் தொழில் பற்றி என்ன தெரியும் என்றோம். தண்ணீரை மாற்றினோம். மாவை அவர்களிடமிருந்தே வாங்கிவந்தோம். கண்ணாடித் தட்டைக்கூட அங்கிருந்து துணியில் சுற்றி வரவழைத்தோம். எல்லாம் கிழிந்தது. ஆய்வகத்தில் மட்டும் அந்த மனிதர் கையில் அருமையாக வந்துகொண்டிருந்தது. அங்கே படிக்கிற மாணவர்கள் செய்தால் அவர்களுக்கும் கிழியுமாம். அதனால் அவர்கள் செய்வதை விட்டுவிட்டு, அண்ணன் கைராசி என்று சொல்லி அவரிடமே தள்ளிவிட்டார்களாம். பேர் வந்த கதை அதுதான். பேராசிரியரும் ஒன்பது வருஷமாக அவர் செய்து கொடுத்த தாளை வைத்துத்தான் ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கைராசியை இங்கே வரச் சொல்லுங்கள் என்று மேலாளரிடம் ஒற்றைக் காலில் நின்றேன்.

வந்தார். இரண்டு மணி நேர பஸ் பயணம். ஒல்லியான உடம்பு, பித்தான் எல்லாம் போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் சாப்பாட்டு டப்பாவும் அவருடைய சொந்தக் கரண்டியும். எதைச் செய்தாலும் நிதானம். கை துடைத்த துணியைக்கூட நாலாக மடித்துத்தான் வைப்பார். எனக்கு நிதானமான ஆட்களைக் கண்டாலே கை பரபரக்கும். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன், காரியம் ஆக வேண்டுமே. அவர் எங்கள் பாத்திரத்தில், எங்கள் கலக்குகிற மோட்டாரில், குறிப்பில் உள்ளபடி ஒரு எழுத்து பிசகாமல் கரைத்தார். கூழ் தெளிந்ததும் ஊற்றினார். மறுநாள் மறுபடி பஸ் பிடித்து வந்து அவரே உரித்தார்.

அவர் கையிலும் கிழிந்தது.

கிழிந்த தாளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை இப்போது நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அன்று அப்படி இல்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு தடவை செய்தார், இரண்டும் போயிற்று. ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். கரைத்து முடியும்போது மணி ஏறக்குறைய பதினொன்று ஆகும். அப்போது தவறாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு வாசலைப் பார்ப்பார். முகம் ஒரு மாதிரி ஆகும். மனிதருக்குப் பசி போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கிழிசலன்று என் பொறுமை போயிற்று. பதினொரு பெண்களும் பார்க்க, "யோவ் பெரியவரே, நீ எதையோ ஒளிக்கிற. அங்க வருது, இங்க வரலன்னா என்ன அர்த்தம்? உன் கைராசிப் பேரு போயிரும்னு பாக்குறியா?" என்று கத்தினேன். இதுதான் நான் அவரை முதலில் கூப்பிட்ட லட்சணம். அப்பா வயசு இல்லாவிட்டாலும் என் மூத்த அண்ணன் வயசு அவருக்கு.

அவர் கோபப்படவில்லை. "ஒளிக்கிறதுக்கு எங்கிட்ட என்னம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தாயா, கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை என்று நான் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தேன். எப்பேர்ப்பட்ட ஆள் நான்.

கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது நாலாவது தடவை வந்தார். கூழ் கரைந்து தெளிந்துவிட்டது. ஊற்றப் பாத்திரத்தைத் தூக்குகிற நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளிறிப்போயிற்று. பாத்திரத்தைக் கீழே வைத்தார், மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போய்விட்டார். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் பார்த்தேன், இருபது நிமிடம் பார்த்தேன். உள்ளே நாங்கள் பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு மூடின பாத்திரத்துக்குக் காவல் இருந்தோம். அவர் திரும்பி வந்தபோது கடிகாரத்தில் முக்கால் மணிக்கு ஐந்து நிமிடம் குறைவாக ஓடியிருந்தது. விடுவேனா? பதினொரு குடும்பத்துப் பிழைப்பு பாத்திரத்தில் கிடக்கிறது, உனக்குப் போனில் கதை கேட்கிறதா என்று பிடிபிடி என்று பிடித்தேன். அவர் மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூழை ஊற்றி, தட்டுகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மறுநாள் காலை அவர் வந்ததும் நானே மூலையைப் பிடித்துத் தூக்கினேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கிழியவில்லை. முழுத்தாள், ஒரு பொட்டு இல்லாமல், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவள் மூக்குத்தி தெரிகிறது. பன்னிரண்டு தட்டும் அப்படியே வந்தன. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள், நானும் குதித்தேன், முழங்கால் வலி ஞாபகம் வரவில்லை. கைராசிக்காரர் மட்டும் குதிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியாதா என்று எனக்கு அதற்கும் கோபம்.

அன்று மத்தியானமே கூட்டம். மேலாளர், பேராசிரியர், பாலம் மேடம் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கைராசிக்காரருக்கு நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அவர் சுவரோரமாக நின்றுகொண்டார். மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான். இத்தனை தடவை கிழிந்தது, இந்தத் தடவை ஏன் வந்தது? பேராசிரியருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பாலம் மேடம் பதினாலு பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார். ஏன் வந்தது என்று தெரியாதென்றால் அடுத்தது வராது, கைராசியோடெல்லாம் என்னால் ஒப்பந்தம் போட முடியாது, இத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார் மேலாளர்.  பதினொரு பேருக்கு எந்த வாயால் போய்ச் சொல்வேன் என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "சார், குறிப்புல ஒரு படி விட்டுப்போச்சு. நான்தான் விட்டேன்."

எல்லோரும் திரும்பினோம். நான் சொன்னேன் பார்த்தாயா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

"கரைச்சு முடிச்சதும் உடனே ஊத்த மாட்டேன் சார். தூசி விழாம மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போவேன். போயிட்டு வர நாற்பது நிமிஷம் ஆகும். வந்துதான் ஊத்துவேன். இங்க வந்தப்ப வீட்டுக்குப் போக முடியல, அதனால உடனே ஊத்திட்டேன். நேத்து போன் வந்ததால நாற்பது நிமிஷம் ஆயிருச்சு. இன்னிக்குக் காலைல தாளைப் பாத்ததும்தான் எனக்கே புரிஞ்சுது."

பேராசிரியர், எதற்காக வீட்டுக்கு என்று கேட்டார்.

"என் சம்சாரம் படுக்கையில இருக்கா சார். மாடிப்படியில விழுந்து முதுகெலும்பு போயிருச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா புண்ணு வந்துரும். ஒன்பது மணிக்கும் மத்தியானத்துக்கு மேலயும் பக்கத்து வீட்டம்மா பாத்துக்குவாங்க. பதினொரு மணிக்கு அவங்க இருக்க மாட்டாங்க. எங்க குடியிருப்பு ஆய்வக மதிலுக்கு அந்தப் பக்கம்தானே, நான் போயிட்டு வந்துருவேன். இங்க வர்ற நாளுக்கு மட்டும் வேற ஒருத்தரை வரச் சொல்லியிருந்தேன், நேத்து அவங்க வரலன்னுதான் போன், இன்னொரு ஆளைப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆயிருச்சு. ஒன்பது வருஷமா அப்படித்தான் சார். யாருகிட்டயும் கேக்கல. காலைல ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து ஈடு கட்டிருவேன், ஆனாலும் தப்புதான்."

பாலம் மேடம் கையில் பேனாவோடு, "அவ்வளவு விவரமா எழுதிக் கொடுத்தீங்களே, இதை ஏன் எழுதல?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"வேலைய எழுதச் சொன்னீங்க மேடம். இது வேலை இல்லியே. வேலைய விட்டுட்டுப் போறது."

 பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எனக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். அந்த மாவு பார்வைக்குக் கரைந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளுக்குள் முழுக்க ஊறியிருக்காது. அசைக்காமல் மூடி வைத்தால்தான் ஒவ்வொரு துகளும் ஊறி ஒன்றோடொன்று பிணையும். அவசரப்பட்டு ஊற்றினால் பிணைப்பு இருக்காது, உரிக்கும்போது விட்டுப்போகும். இதைச் சொல்லிவிட்டு, ஒன்பது வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் கட்டுரை எழுதினேன், அத்தனையிலும் இந்தப் படி இல்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. அவருக்கு ஓய்வுபெற அப்போது பதினாலு மாதம்தான் பாக்கி என்று எனக்குத் தெரியும், பெண்களிடம் சொல்லியிருக்கிறார். வேலை நேரத்தில் ஒன்பது வருஷம் சொல்லாமல் வெளியே போனதை மேலதிகாரி முன்னால், எழுதிக்கொண்டிருக்கிற பேனாவுக்கு முன்னால் சொல்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒப்பந்தம் முறிந்தால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆய்வகத்தில் கைராசிக்காரராகவே இருந்து, மாலை போட்டு அனுப்ப, கௌரவமாக வீட்டுக்குப் போயிருப்பார். பூட்டு விழுந்திருந்தால் எங்களுக்குத்தான். அப்படியும் சொன்னார், அதுவும் அவரை யோவ் என்று கூப்பிட்டவளுக்காக.

பஸ் நிறுத்தத்துக்கு அவர் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்பு கேட்பது எனக்கு நன்றி சொல்வதைவிடக் கஷ்டம். "அண்ணே, அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீ சொன்னது சரிதானேம்மா. ஒளிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அதற்கு மேல் நான் அழுததைச் சொல்ல வேண்டாம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

குறிப்பில் எட்டாவது படி கரைப்பது, ஒன்பதாவது படி ஊற்றுவது என்று இருந்தது. அதை மாற்றி எழுதினோம். ஒன்பதாவது படி: மூடி வைத்து, அசைக்காமல், நாற்பது நிமிடம் விடவும். அண்ணன் வராமல், நாங்களே எங்கள் கையால் செய்தோம். முதல் பேட்ச் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதை உரிக்க மட்டும் எனக்குத் தைரியம் வராமல் எங்களில் இளையவளை உரிக்கச் சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னாலிருந்து கூச்சல் வந்ததும்தான் திரும்பினேன். கெடு முடிய நாலு நாள் மிச்சம் இருந்தது.

ஆனால் நான் பயந்ததும் நடந்தது. பாலம் மேடம் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார், அது அவர் வேலை. அந்தக் காகிதம் ஆராய்ச்சி நிலையத்தின் நிர்வாக அலுவலகத்துக்குப் போயிற்று. பணி நேரத்தில் அனுமதியின்றி வெளியேறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அண்ணனுக்கு நோட்டீஸ் வந்தது. எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று பாலம் மேடம் என்னிடம் வந்து கண் கலங்கினார். எழுதியதால்தான் எங்களுக்கு ஒன்பதாவது படி கிடைத்தது, எழுதினதை எழுத்தாலேயே சரி பண்ணுங்கள் என்றேன். அவர் அன்றே பேராசிரியரைப் போய்ப் பார்த்தார். பேராசிரியர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் நகலைப் பாலம் மேடம் எனக்குக் காட்டினார். நீளமாக ஒன்றும் இல்லை. "குறிப்பிடப்படும் நாற்பது நிமிடம் பணியிலிருந்து வெளியேறிய நேரம் அல்ல. அது செய்முறையின் ஒன்பதாம் படி. அதை அவர் ஒன்பது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் செய்திருக்கிறார். எழுதத் தவறியவன் நான்" என்று இருந்தது. படிப்பாளிகளைப் பற்றி அதுவரை நான் பேசியதையெல்லாம் அந்த நாலு வரிக்காக வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நிர்வாகம் மூன்று வாரம் யோசித்தது. அந்த மூன்று வாரமும் எங்கள் பிரிவில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. கடைசியில் நோட்டீஸை ரத்து செய்தார்கள். அதோடு, ஓய்வுபெறும் நாள் வரைக்கும் பதினொரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்வர எழுத்து மூலம் அனுமதியும் கொடுத்தார்கள். ஆனால் அலுவலகம் அலுவலகம்தானே, போகும்போதும் வரும்போதும் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். திருட்டுத்தனமா போனப்ப சீக்கிரம் வந்துட்டேன், இப்ப கையெழுத்துப் போட வரிசையில நிக்கிறதால அஞ்சு நிமிஷம் கூட ஆகுது என்று அண்ணன் போனில் சொல்லிச் சிரித்தார்.

கண்ணாடித்தோல் மருத்துவமனைகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு விடுமுறை நாளில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஓர் அறை, ஒரு சமையலறை. கட்டில் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டிவைத்திருந்தார், படுத்தபடியே தெருவைப் பார்க்க. அண்ணி வாய் நிறையப் பேசுகிறவர். நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "நீதான் அந்தக் கோவக்காரியா? வா வா, யோவ்னு ஒருதடவை கூப்பிடு, கேக்கணும்" என்றார். அண்ணன் ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது பதினொரு மணி ஆயிற்று. அண்ணன் எழுந்தார். நானும் பிடிக்கிறேன் என்றேன். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை என்று அண்ணியே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். திருப்பினோம். துடைப்பதற்காக அண்ணன் முதுகுப்பக்கத்துத் துணியை விலக்கினார்.

நான் பத்தொன்பது வருஷமாகக் காயத்துக்குக் கட்டுத்துணி செய்கிறவள். படுக்கையில் கிடக்கிறவர்கள் முதுகு எப்படி இருக்கும் என்று மருத்துவமனைக்காரர்கள் படம் காட்டி விளக்கியிருக்கிறார்கள், அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணியின் முதுகில் ஒரு புண் இல்லை. ஒரு தழும்புகூட இல்லை. ஒன்பது வருஷம். நான் கொண்டுபோன பெட்டி மேசையில் இருந்தது, அந்த வீட்டில் அதற்கு வேலையே இல்லை.  அண்ணன் பாட்டுக்குத் துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

பெட்டியோடு முதல் பேட்ச் அட்டையின் நகலும் கொண்டுபோயிருந்தேன், அண்ணனிடம் காட்டலாம் என்று. ஒவ்வொரு படிக்கும் எதிரே அதைச் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும், அது எங்கள் விதி. அண்ணி அதைக் கண்ணருகே பிடிக்கச் சொல்லி வரி வரியாகப் பார்த்தார். ஒன்பதாவதில் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். அந்தப் படியில் யாரும் எதையும் செய்வதில்லை அண்ணி, சும்மா விட வேண்டியதுதான், அதனால் காலியாகவே விட்டுவிடுகிறோம் என்றேன்.

"யாரும் செய்யலயா? ஒன்பது வருஷம் படுத்துக்கிட்டே நான் பண்ணின வேலைடி அது. பேனாவைக் குடு."

வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு உண்டு அவருக்கு. அண்ணன் அட்டையைப் பிடித்துக்கொண்டார், நான் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாக, கட்டத்தைத் தாண்டிப் பத்தாவது படிக்குள்ளும் போயிற்று. போட்டு முடித்ததும் மூச்சு வாங்கியது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணிக்கும் அண்ணனுக்கும் சேர்த்து நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மிச்சம் வைத்திருந்த கட்டைவிரல் அதோடு கணக்கில் வந்துவிட்டது.

அண்ணன் ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் பிரிவில் இப்போது பத்தொன்பது பெண்கள். அந்த நாற்பது நிமிடத்தில் வேறு ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று மேலாளர் எப்போதாவது கேட்பார். அசைக்காமல் விடவும் என்று எழுதியிருக்கிறது சார் என்பேன். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். பெண்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, மாத்திரை போட்டாச்சா, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

அட்டையின் நகல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. தரம் பார்க்க வருகிற அதிகாரிகள் அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது யார், இங்கே வேலை செய்கிறவரா என்று கேட்பார்கள். ஆமாம், ஒன்பதாவது படி அவங்க செஞ்சது என்று சொல்வேன்.